மூலையில் நின்ற முகம்

ஒரகடத்தில் ஒரு கேபிள் டிவி அலுவலகத்தில் நான் எடிட்டிங் செய்துகொண்டிருந்தபோது, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். மண்ணூரில் கம்பெனி வேலைக்கு வந்த அவருடைய மகன், ஷிப்டு முடிந்து அறைக்குத் திரும்பவே இல்லை. தேடி அலைந்ததில் அவர் கண்கள் உள்ளே போயிருந்தன. மகனின் போட்டோவை யாரிடம் நீட்டினாலும், முதலில் அதைத் துண்டால் ஒருமுறை துடைப்பார்.

விளம்பரமாகப் போடலாம் என்றேன்.

“விளம்பரம் வந்தா எல்லாரும் எந்திரிச்சுப் போயிருதாவ தம்பி. ஒங்க சேனல் லோகோ மட்டுந்தான் படம் முடியுத வரைக்கும் மூலையிலயே நிக்கி. அந்த எடத்துல எம் மவன வைங்க.”

முதலாளி மறுக்கவில்லை. அன்றிரவு ஒளிபரப்பவிருந்த சினிமாவில் லோகோவை எடுத்துவிட்டு, கணினியில் படத்துக்கு மேலுள்ள டிராக்கில் அந்த முகத்தை வைத்துப் படம் ஓடும் நேரம் முழுக்க வருமாறு இழுத்தேன். படத்தை மறைக்காமலிருக்க லோகோவைப் பாதி மங்கலாக்குவது எங்கள் வழக்கம். பழக்கத்தில் கை அதையே செய்துவிட்டது. பையனின் முகத்தை ஊடுருவிக்கொண்டு படத்தின் பாட்டுக் காட்சியில் யாரோ ஆடினார்கள்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆவி மாதிரி ஆக்கிராதிய தம்பி. உசுரோட இருக்க புள்ள.”

பளிச்சென்று மாற்றிவிட்டு, கடைசிக் காட்சியை ஓட்டிக் காட்டினேன். படம் முடிந்ததும் முகமும் மறைந்தது.

“படம் முடிஞ்சா அவனும் போயிரணுமா?”

கருப்புத் திரைக்குள்ளும் அந்த முகத்தை இழுத்துக்கொண்டே போனேன். எதுவரைக்கும் என்று கேட்டேன்.

“நிறுத்தாதிய” என்றார்.

எங்கோ ஓரிடத்தில் நான் வெட்டத்தான் வேண்டியிருந்தது.