காசிமின் மூன்று விரல்களும் என் ராட்செட்டும்

போன செவ்வாய்க்கிழமை காலை காசிமின் மூன்று விரல்கள் போயிருக்க வேண்டியது. வாரா வாரம் என் ஒர்க்‌ஷாப் கதைகளைப் பொறுமையாகப் படிக்கும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

லாவண்டர் ஸ்திரீட் ஒர்க்‌ஷாப்பில் காசிமும் நானும் எட்டு வருடக் கூட்டாளிகள். எங்களுக்குள் ஒரே சண்டை — போல்ட் கழற்றும் ராட்செட் ஹேண்டில். என்னுடையது கழுத்து தாராளமாக மடங்குகிற வகை. எந்தச் சந்திலும் நுழையும். அவனுடையதில் கழுத்தை வேண்டிய கோணத்தில் நிறுத்தி, ஒரு திருகால் பூட்டிவிடலாம். அது பிடிவாதக்காரச் சாமான் என்று நான் கிண்டலடிப்பேன்.

அன்றைக்கு ஒரு லாரியின் அடியில் படுத்து கியர்பாக்ஸை இறக்கிக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் கோப்பிக் கடைக்குப் போயிருந்தார்கள். கியர்பாக்ஸைத் தாங்கியிருந்த ஜாக் லேசாகச் சாய்ந்தது. அவ்வளவுதான்... கியர்பாக்ஸ் சரிந்து, காசிமின் வலது கை விரல்கள் மூன்று அதற்கும் ஓர் இரும்புப் பட்டைக்கும் நடுவே மாட்டிக்கொண்டன.

பாதி எடை இன்னும் ஜாக்கில் இருந்ததால், இடது கையால் கியர்பாக்ஸைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. விட்டால் விரல்கள் நசுங்கிவிடும். பட்டையைப் பிடித்திருந்தது ஒரே ஒரு போல்ட். அதைக் கழற்றினால் கை வந்துவிடும். வலது கையால் என் ஹேண்டிலை மாட்டி இழுத்தேன். கழுத்து மடங்கியது, போல்ட் தலையைக் கவ்வும் சாக்கெட் நழுவியது. மறுபடி மாட்டினேன். மறுபடி நழுவியது. தலைப்பக்கத்தை அழுத்திப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். காசிமின் இடது கைக்கு அந்த இடம் எட்டாது. வேறு கைக்கு எங்கே போவது?

காசிம் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அவனுடைய ஹேண்டில் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே, அவன் டூல் பெட்டியில் கிடந்தது. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் — அடுத்தவன் பெட்டியில் கேட்காமல் கை வைக்கக் கூடாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த நேரத்திலும் கேட்டேன்.

"காசிம், உன் ஹேண்டிலை எடுத்துக்கட்டுமா?"

"எடுங்கண்ணே... சீக்கிரம் லா."

அதைப் போல்ட்டில் மாட்டி, கோணம் பார்த்து, கழுத்தைக் கட்டை விரலாலேயே பூட்டினேன். முதல் இழுப்புக்கு போல்ட் அசையவில்லை. இரண்டாவதுக்குக் 'கிரீச்' என்றது. பிறகு டக், டக், டக்... பட்டை விழுந்தது. கையை உருவிக்கொண்டான். அதுவரை அவனுக்கு எட்டாமலிருந்த ஜாக்கை இன்னொரு கையால் நிமிர்த்தி என்னை விடுவித்தவனும் அவன்தான். இரண்டு நகம் கறுத்ததோடு சரி, எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். நான் க்ளினிக் வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அன்று சாயங்காலமே சிராங்கூன் ரோட்டில் பூட்டுகிற வகை ஒன்று வாங்கினேன். பழையதைத் தூக்கிப் போடவில்லை. அது நல்ல சாமான்தான் — எப்போதும் தனக்கு இரண்டு கையும் காலியாக இருக்கும் என்று நம்பியவன்தான் மடையன்.