கோளாறு எதுவும் இல்லை

அந்த மெக்கானிக்குக்குப் பட்டறையில் 'ஆகட்டும்' என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் விழும் சொல் அதுதான். "அண்ணே, நாளைக்கு நாலு வண்டி பாக்கணும்." "ஆகட்டும்." "நாலு இல்லண்ணே, ஏழு." "ஆகட்டும்." ஏழை எழுபதாக்கியிருந்தாலும் மனிதர் அதையேதான் சொல்லியிருப்பார். எவ்வளவு பொறுமை பாருங்கள் என்று வெளியாட்கள் மெச்சிக்கொண்டார்கள். பொறுமையாவது ஒன்றாவது! மறுத்துப் பேசவும் உடம்பில் தெம்பு வேண்டும். அது அவரிடம் தீர்ந்து பல வருடம் ஆகியிருந்தது.

வயது ஐம்பத்து மூன்று. இருபத்தாறு வருடம் வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்த முதுகு, உட்கார்ந்தால் எழ மறுக்கும் முழங்கால். அவர் பார்ப்பது சாலையில் ஓடும் வண்டிகளை அல்ல. மேடு பள்ளம் பார்க்காமல் ஏறுகிற வேலை வண்டிகள் அவருடையவை. கதவு கிடையாது, தலைக்கு மேல் இரும்புக் குழாய்க் கூண்டு, பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி. காருக்கும் டிராக்டருக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். பக்கி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பக்கியின் முகப்பில் மஞ்சள் லைட்டு எரிந்தால் அவருக்குப் போன் வரும். அவர் தன் கைக்கருவியின் வயரை வண்டியில் சொருகுவார். திரையில் இரண்டு எண்கள் வரும். முதல் எண் எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லும், இரண்டாம் எண் என்ன மாதிரிக் கோளாறு என்று சொல்லும். அதற்கு மேல் கருவி வாய் திறக்காது. அந்த இடத்துக்குப் போகும் வயரா, வயர் சேரும் முனையா, உள்ளே இருக்கும் சாமானா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் மெக்கானிக்கின் பாடு.

பாடு என்றால் அது மட்டுமா? எண் வந்துவிட்டால் பட்டறைக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நான்கு பக்கம். எந்த நேரம், எவ்வளவு ஓடியது, எத்தனை முறை வந்தது, எந்தெந்த முனையில் என்ன அளவு, மூன்று கோணத்தில் போட்டோ. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைசி வண்டியின் முன்னால் நிற்கும் மனிதனிடம் நான்கு பக்கத்தை நீட்டினால் அவன் என்ன செய்வான்? கருவியிலேயே வழி இருந்தது. 'அழிக்கவா?' என்று திரை கேட்கும். ஆம் என்று அழுத்தினால் எண்களும் போய்விடும், அது எத்தனை முறை வந்தது என்ற கணக்கும் போய்விடும், லைட்டும் அணைந்துவிடும். பிறகு சின்னச் சீட்டில் ஒரே வரி: 'கோளாறு எதுவும் இல்லை.' கீழே ஒரு கையெழுத்து. வண்டிக்காரருக்கும் உச்சி குளிர்ந்துவிடும். எல்லா வண்டிக்கும் அவர் இப்படிச் செய்யவில்லை. ஏனோதானோ என்று வேலை பார்ப்பவர் என்று அவரைச் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் கடைசி வண்டிக்குச் செய்தார். அவர் சுற்றில் கடைசி வண்டி எப்போதும் பழத்தோட்டத்து வண்டி.

அந்த வண்டியை ஓட்டியவள் அவருடைய கொழுந்தியாள்.

வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். அக்காவின் வீடு என்று இவர் வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. கட்டியவன் வேறொருத்தியோடு போய்விட்டான், அந்தக் கதை எதற்கு. இவர் வீட்டில் இருப்பதோ இரண்டு அறை. ஒன்றில் பரீட்சைக்குப் படிக்கிற மகள், இன்னொன்றில் கணவனும் மனைவியும். சின்னவளுக்குச் சமையலறையில் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் பாய். காலையில் குளியலறைக்குள் ஒருவர் இருக்க, கதவுக்கு முன்னால் மூன்று பேர் துண்டோடு நிற்பார்கள். "உள்ளே தூங்கிட்டியாடி?" என்று அக்கா கத்துவாள். "ஆமா, இங்கயாவது கால நீட்டிக்கிறேன்," என்று உள்ளிருந்து பதில் வரும்.

தோட்டத்து வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவரும் மெக்கானிக்தான். சரிவில் வேலை செய்பவர்களுக்குக் குடிதண்ணீர் கேனும் ஏணியும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அவள் பிரமாதமாக ஓட்டினாள். எட்டு மாதத்தில் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒற்றை அறை ஒன்றைப் பேசி முடித்துவிட்டாள். ஒரு ஜன்னல், சொந்தமாகக் குளியலறை. வேலை நிரந்தரமானால் சாவி கைக்கு வரும். அந்தக் குளியலறையைப் பற்றி அவள் பேசுவதைக் கேட்டால் யாரோ அரண்மனை வாங்கிவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும்.

அந்த நேரம் பார்த்துத்தான் லைட்டு எரிய ஆரம்பித்தது. காலையில் முதல் ஏற்றத்தில் மஞ்சள் லைட்டு வரும். வண்டி மூச்சு வாங்கி நொண்டும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் நடக்கிற வேகத்துக்கு மேல் போகாது. மேலே ஆட்கள் தண்ணீருக்குக் காத்திருப்பார்கள். பத்து மணிக்கு மேல் ஒன்றுமே நடக்காதது போல் ஓடும். சாயங்காலம் இவர் வந்து பார்க்கும்போது அது சமர்த்தாக நிற்கும். கருவியில் மட்டும் அதே இரண்டு எண்கள் இருக்கும்: தொண்ணூற்றொன்று, இரண்டு. ஆக்சிலேட்டர் பெடல், அங்கிருந்து வரும் தகவல் தாறுமாறு. பெடலை அமுக்கிப் பார்த்தார், வயரை ஆட்டிப் பார்த்தார், எல்லாம் ஒழுங்காக இருந்தது. தோட்டத்து மானேஜர் தலைக்கு மேல் நின்றார். "லைட்ட அணைச்சுட்டுப் போங்க, அது போதும்." ஆகட்டும். ஒரு முறை, இரண்டு முறை, ஆறு முறை ஆகட்டும். ஆறு சீட்டு.

நடுவில் ஒரு நாள் சாப்பிடும்போது அவர் அவளைக் கேட்டார். "பெடல ஓங்கி ஓங்கி மிதிக்கிறியா?"

"பூ மாதிரி வைக்கிறேன் மாமா. நம்புங்க. காலைலதான் வருது. ஒரு நாள் காலைல வந்து பாருங்களேன்."

"ம். பாக்கலாம்," என்றார் அவர். கண் சொருகியது. தட்டிலேயே கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

ஏழாவது வாரம் மானேஜர் அவளைக் கூப்பிட்டு ஆறு சீட்டையும் மேஜையில் பரப்பினார். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று மெக்கானிக் ஆறு முறை எழுதியிருக்கிறார். அப்படியானால் காலையில் வண்டி நொண்டியது என்று சொன்னதெல்லாம் தாமதத்துக்கு அவள் கட்டிய கதை. இல்லாவிட்டால் ஓட்டத் தெரியாமல் வண்டியைக் கெடுக்கிறாள். எதுவாக இருந்தாலும் திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம்.

வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. சமையலறையில் பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மனைவிதான் எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு வந்து நின்றாள். "உங்க கையெழுத்தாம். உங்க சீட்டக் காட்டித்தான் அனுப்புறாங்களாம். என்னங்க எழுதித் தொலைச்சீங்க?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "கோளாறு இல்லன்னு," என்றார்.

"இல்லையா?"

மறுநாள் சனிக்கிழமை, அவருக்கு விடுமுறை. வாரம் முழுக்க அந்த ஒரு காலைத் தூக்கத்துக்காகத்தான் மனிதர் உயிரை வைத்திருந்தார். ஆறரை மணிக்கே கருவிப்பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தோட்டத்துக் கொட்டகையில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஏழு மணிக்கு ஒருவர் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வந்தார், கையில் பீய்ச்சுகிற குழாய். மோட்டாரைப் போட்டார். சக்கரம், தொட்டி என்று அடித்துவிட்டு, குழாயை நேராக ஓட்டுநர் கால் வைக்கும் இடத்துக்குள் விட்டார். தண்ணீர் பெடலில் மோதி நாலாபக்கமும் தெறித்தது.

"ஐயா, நிறுத்துங்க! தினமும் இப்படியா கழுவுறீங்க?"

"பின்ன? வண்டிக்குள்ள பொட்டு மண் இருக்கக் கூடாதுன்னு மானேஜர் போட்ட உத்தரவு. ரெண்டு மாசமா இதே பாடுதான். எங்க வீட்டுப் பாத்திரத்தக்கூட நான் இப்படிக் கழுவுனதில்ல."

இரண்டு மாதம். மெக்கானிக் ஈரத் தரையில் மல்லாந்து படுத்தார். முதுகு ஐயோ என்றது. பெடலுக்குப் பின்னால் வயர் சேரும் முனையைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் அவர் கழுத்திலேயே ஊற்றியது. அதைச் சுற்றியிருக்க வேண்டிய ரப்பர் வளையம் பிளந்திருந்தது, உள்ளே இருந்த பித்தளைப் பற்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பத்து மணி வெயிலுக்கு அது காய்ந்துவிடும், வண்டியும் நன்றாகிவிடும். ஐந்து மணிக்கு வருகிறவனுக்கு என்ன தெரியும்? இருந்தாலும் எண் இரண்டும் ஆறு முறையும் பெடல், பெடல் என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னதே. அழிக்காமல் வைத்திருந்தால் எத்தனை முறை வந்தது என்று அதுவே சாட்சி சொல்லியிருக்கும். அந்த நான்கு பக்கத்தை நிரப்பியிருந்தால் அளவு பார்க்க முதல் வாரமே முனையைக் கழற்றியிருப்பார். கழுத்தில் தண்ணீர் வழிய அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தார். வெட்கமாக இருந்தது. எழுந்திருக்கவே பிடிக்கவில்லை.

எட்டு மணிக்கு மானேஜர் வந்தார், கணக்குத் தீர்த்துக்கொள்ளச் சின்னவளும் வந்தாள். பிளந்த வளையத்தை மேஜையில் வைத்து மெக்கானிக் விஷயத்தைச் சொன்னார். மானேஜருக்குத் தன் உத்தரவு ஞாபகம் வந்து முகம் மாறியது, ஆனாலும் சமாளித்துக்கொண்டார்.

"சரி, இன்னிக்குத் தண்ணி போயிருக்கு, சரி பண்ணுங்க. பழசக் கிளற வேண்டாம். அந்த ஆறு நாளும் வண்டி நல்லாத்தான் இருந்திருக்கு, நீங்களே எழுதியிருக்கீங்க. இந்தம்மா விஷயம் வேற."

இந்த இடத்தில் ஆகட்டும் என்று சொல்லிவிட்டுப் போவதுதான் அவர் பழக்கம். வாய்வரைக்கும் வந்ததாக அவரே பிறகு மனைவியிடம் சொன்னார்.

"இல்லைங்க," என்றார். "ஆறு நாளும் கோளாறு இருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டு அழிச்சேன்."

"அப்ப ஆறு தடவையும் பொய்யா எழுதினீங்களா?"

"ஆமா."

"உங்க பட்டறைக்கு நான் சொல்ல வேண்டியிருக்கும்."

"சொல்லுங்க." ஒரு சீட்டை எடுத்து மேஜையிலேயே குனிந்து எழுதினார். ஆறு தேதி, ஆறு தேதிக்கும் நேராக அந்த இரண்டு எண். 'எழுதாமல் அழித்தது என் தவறு. ஓட்டுநர் மீது தவறு இல்லை.' கையெழுத்துப் போட்டு மானேஜர் பக்கம் நகர்த்தினார்.

மானேஜர் சீட்டை இரண்டு முறை படித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு மேஜை டிராயரிலிருந்து வண்டிச் சாவியை எடுத்துச் சின்னவள் பக்கம் தள்ளினார். "போம்மா, மேல தண்ணிக்குக் காத்துக்கிட்டிருப்பாங்க. உள்ள தண்ணி அடிக்க வேண்டாம்னு நான் சொல்லிடறேன்."

முனையைத் துடைத்துப் புது வளையம் மாட்ட அரை மணி நேரம் ஆனது. இந்த முறை எண்களை முதலில் தாளில் எழுதிக்கொண்டார், பிறகுதான் அழித்தார். சின்னவள் கேன்களை ஏற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். நன்றி சொல்வாள் என்று அவர் நினைத்தாரோ என்னவோ. கருவியின் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"மாமா, அன்னிக்குச் சாப்பிடும்போது கேட்டீங்களே, பெடல ஓங்கி மிதிக்கிறியான்னு. அப்பவே நம்பர் வந்திருந்துச்சா?"

"வந்திருந்துச்சும்மா. ரெண்டு தடவ." அவரால் நிமிர முடியவில்லை. "ரொம்ப அசதி. வேற ஒண்ணும் இல்ல. மனசுல வச்சுக்காத."

"தெரியும் மாமா. நீங்க படற பாட்டப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்." அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. அவள் போனை எடுத்தாள். "ஆபீஸ்ல கொடுத்த சீட்டு மாதிரியே எனக்கும் ஒண்ணு எழுதிக் கொடுங்க. தேதி போட்டு. நான் ஒரு போட்டோவும் எடுத்துக்கறேன்."

"நான்தான் சொல்லிட்டேனேம்மா. இனிமே எதுக்கு?"

"இருக்கட்டும் மாமா," என்றாள். "கைல இருக்கட்டும்."

அவர் வண்டியின் மூக்கின் மேல் தாளை வைத்து, ஆறு தேதியையும் மறுபடி முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார்.