புசல்லாவையில் பாடியது யார்

றவூப் நானாவைப் பற்றிக் கட்டுகஸ்தோட்டையில் யாரிடம் விசாரித்தாலும், நல்ல மனிதர், சொன்ன நேரத்துக்கு பெனர் அடித்துத் தருவார், அதைத் தவிரச் சொல்ல ஒன்றும் இல்லை என்பார்கள். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதைச் சொல்கிறவர்களுக்கு விஷயம் தெரியாது, அவ்வளவுதான்.

அவருக்கு வயது நாற்பத்து நான்கு. பிறந்தது கலகெதர. மனைவி அஸீமா, இரண்டு பெண் பிள்ளைகள். கலியாண வரவேற்பு, மரண அறிவித்தல், டியூஷன் மாஸ்டர்மார், கைகூப்பி நிற்கிற தேர்தல் வேட்பாளர்கள் என்று அந்தப் பக்கத்து மதில்களில் தொங்கும் முகங்களில் பாதி அவருடைய மெஷினுக்குள்ளால் வெளியே வந்தவைதான். கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் சிரிப்பார். கடைக்காரருக்கு இந்தக் குணம் நல்லது. மனிதருக்கு நல்லதா என்று எனக்கு ஐயம்.

அவருடைய கடை வாசலில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள் உண்டு. சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குமேல் அவற்றில் சண்டை நடக்கும். ஒன்றில் அழகையா. பஸ் நிலையத்தில் டைம்கீப்பர், சொந்த இடம் புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். மற்றதில் ஷிபானா. பக்கத்து மருந்துக்கடையில் வேலை, வாய் கொஞ்சம் நீளம். இருவருக்கும் இடையில் காணியும் இல்லை, கட்சியும் இல்லை. சண்டை முழுக்க ஒரு ரொக் இசைக்குழுவைப் பற்றியது.

குழுவின் பெயர் ‘பன்னிரண்டாம் வளைவு’. தொண்ணூற்றொன்பதில் கண்டியில் தொடங்கி, மலைநாட்டில் தமிழில் ரொக் பாடிக் காட்டிய பிள்ளைகள். முதல் பாடகர் நிரஞ்சன். அவர் கனடாவுக்குப் போன பிறகு நபீல். குழு கலைந்தே பத்து வருடம் ஆகிறது. ரசிகர்கள்தான் இன்னும் கலையவில்லை.

“நபீலுக்கு ஈக்கிய கொரல் ஒங்கட நிரஞ்சனுக்கு ஏழு பிறப்பெடுத்தாலும் வராது அண்ணன்,” என்பாள் ஷிபானா. “மேல ஏறினா நிரஞ்சன் கத்துவார். நபீல் பாடுவார்.”

அழகையா சிரித்துக்கொண்டே ஃபோனை எடுப்பார். “தங்கச்சி, புசல்லாவ ரெக்கோடிங்க ஒருக்காக் கேட்டுட்டுப் பேசு.”

அதோடு ஷிபானாவின் வாய் அடைத்துவிடும். இரண்டாயிரத்து நான்கில், ஒரு தோட்டத்துத் திருவிழாவில், யாரோ ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் டேப் ரெக்கோடரை வைத்துப் பிடித்த ஒரேயொரு பாட்டு அது. இப்போது யூடியூபில் கிடக்கிறது. அந்தக் குரலில் ஒரு பதற்றம், அந்தப் பதற்றத்துக்குள் ஒரு துணிச்சல். நிரஞ்சனின் ஆகச் சிறந்த பாட்டு அதுதான் என்பதில் எதிரிகளுக்கும் மறுப்பில்லை. “நா மொத வரிசையில நின்னு பாத்தவன்,” என்று அழகையா ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லுவார். “என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

உள்ளே றவூப் நானா தலையை நிமிர்த்தாமல் பெனர் துணியின் ஓரத்தில் கயிறு கட்டுகிற வளையம் அடித்துக்கொண்டிருப்பார். அந்தப் பாட்டைப் பாடியவர் அவர்தான்.

நடந்தது இதுதான். அந்த வருடம் திருவிழாக் காலத்தில் நிரஞ்சனுக்கு மஞ்சள் காமாலை. ஒன்பது நிகழ்ச்சிகளுக்குப் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. தோட்டத்துச் சனங்கள் வீட்டுக்கு வீடு வரி சேர்த்து நிரஞ்சனை அழைத்திருக்கிறார்கள். ஆள் வரவில்லை என்றால் மேடைக்குக் கல்தான் வரும். போஸ்டரில் உள்ள பெயரைத்தான் அறிவிப்பாளர் சொல்வார், வேறு பெயர் அவர் வாயில் வராது. அது அப்போதைய வழக்கம். நிரஞ்சனைப் போலவே பாடக்கூடிய பையன் ஒருவன் கலகெதரையில் இருக்கிறான் என்று யாரோ சொல்ல, குழுத்தலைவர் வந்து இருபத்து நான்கு வயது றவூபைக் குழுவின் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மற்ற இடங்களில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் காப்பாற்றின. புசல்லாவையில் அதுவும் தேவைப்படவில்லை. பின்னேரம் ஐந்து மணிக்கே பனி இறங்கி மேடையை மூடிவிட்டது. “இதோ, உங்கள் நிரஞ்சன்!” என்றார் அறிவிப்பாளர். சனம் ஆர்ப்பரித்தது. றவூப் பாடினார்.

பிறகு நிரஞ்சன் கனடாவுக்குப் போனபோது, அடுத்தது நான்தான் என்று நம்பிக்கொண்டு அவர் தலைவரிடம் போனார். “ஒங்கள எடுத்தா அந்த ஒம்பது ஷோவோட கதையும் வெளிய வந்துரும் தம்பி,” என்றார் தலைவர். ஒருவரிடமும் மூச்சு விடுவதில்லை என்று வாக்கும் வாங்கிக்கொண்டார். நபீலை எடுத்தார்கள். தலைவர் இப்போது உயிருடன் இல்லை. அஸீமா ஒருத்தியைத் தவிர வேறு யாருக்கும் றவூப் நானா இதைச் சொன்னதில்லை. மேடை ஆசை எப்போதோ வற்றிவிட்டது. அந்தக் குரல் தன்னுடையது என்று ஓராளாவது அறிய வேண்டும் என்கிற ஆசை மட்டும் வற்றவே இல்லை. அது பாவம் மாதிரி உள்ளே கிடந்தது.

குழுவின் இருபத்தைந்தாவது ஆண்டுக்கு ரசிகர்கள் கண்டியில் ஒரு மண்டபம் எடுத்தார்கள். பெனர் வேலை, வேறு யாரிடம் போகும்? அழகையாவும் ஷிபானாவும் ஒன்றாக வந்தார்கள். அதுவே அதிசயம். கடையில் ஒரு முறை உண்டு. அடிப்பதற்கு முன் திரையில் உள்ளதை றவூப் நானா வாய்விட்டு வாசிப்பார். வாடிக்கையாளர் சரி என்று கையெழுத்து வைத்த பிறகுதான் மெஷின் ஓடும். பிழைக்கு அப்போதுதான் பொறுப்பு யார் என்று தெரியும்.

“பன்னிரண்டாம் வளைவு. இருபத்தைந்து ஆண்டுகள். இரண்டு குரல்கள். நிரஞ்சன், நபீல்,” என்று வாசித்தார். பிறகு, சரியா என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை.

“சரிதானே நானா?” என்றாள் ஷிபானா.

“இல்ல. மூணு குரல்.”

“மூணாவது என்த குரல்?”

“புசல்லாவைல பாடினது நிரஞ்சன் இல்ல,” என்றார். “நான்.”

சொல்லிவிட்டு அவரே பயந்துபோனார். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார். அழகையாவின் முகம் சிவந்துவிட்டது.

“நானா, வெளாட்டுக்கும் ஒரு அளவு இருக்கு. நா மொத வரிசையில நின்னவன்.”

“அண்டக்கி ஈந்த பனில மைக் புடிச்ச கை எனக்கே தெரியல்ல. நீங்க என்தயப் பாத்தீங்க?”

அழகையா கையெழுத்து வைக்காமலே எழுந்து போய்விட்டார். ஷிபானாவும் எழுந்தாள். “உண்மயா ஈந்தா இத்தன வருஷமா ஏன் செல்லல்ல நானா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அவளும் போனாள். பொய்யன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமல் போனதுதான் சுட்டது.

அடுத்த சனிக்கிழமை இரண்டு கதிரைகளும் சும்மா கிடந்தன. றவூப் நானா வாசலைப் பார்த்துப் பார்த்து ஒரு மரண அறிவித்தலில் திகதியைப் பிழையாக அடித்தார். பதினெட்டு வருடத் தொழிலில் அது முதல் தடவை. வீட்டில் அஸீமாவிடம், “செல்லாம இருந்திருக்கலாம்,” என்றார்.

“செல்லாம இருந்தும் நீங்க சந்தோசமா இல்லயே,” என்றாள் அவள்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அழகையா வந்தார். பின்னால் ஷிபானாவையும் மருந்துக்கடையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்திருந்தார். ஃபோனை மேசையில் வைத்து அழுத்தினார். றவூப் நானாவின் வண்டவாளத்தை வெளியே கொண்டுவரத்தான் அவர் நிரஞ்சனுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். கனடாவிலிருந்து குரலிலேயே பதில் வந்திருந்தது.

“தம்பி, அது நா பாடுனது இல்ல. நா அப்ப ஆஸ்பத்திரியில கெடந்தேன். கலகெதரப் பக்கமிருந்து ஒரு பொடியனக் கூட்டிட்டுப் போனாங்க. பேரு ஞாபகம் இல்ல. எல்லாரும் அது நான்தான்னு சொல்றப்ப, இல்லன்னு சொல்ல மனசு வரல தம்பி. அவ்வளவு நல்லா இருந்துச்சு.”

பேரு ஞாபகம் இல்ல என்ற இடத்தில் றவூப் நானாவுக்கு வலித்தது. அதற்குப் பிறகு வந்த வார்த்தை அந்த வலியை முழுதாக ஆற்றவில்லை. ஆனாலும் அவர் அதை மனதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அழகையா மன்னிப்புக் கேட்கவில்லை. அது அவருக்கு வராது. ‘புசல்லாவ ரெக்கோடிங்’கைப் போட்டுவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். மூவரும் பாட்டை முழுவதும் கேட்டார்கள். முடிந்ததும் அழகையா தாடையைத் தடவினார்.

“ரெண்டாவது சரணத்துல சுருதி எறங்குது.”

பாருங்கள் அநியாயத்தை! இருபது வருடமாக இதே காதுகள், இதே பாட்டு. நிரஞ்சன் பாடியபோது ஒரு குறையும் இல்லை. ஆள் மாறியதும் குறை வந்துவிட்டது. ஷிபானாவும் கட்சி மாறிவிட்டாள். இத்தனை வருடம் அந்தப் பாட்டைக் கேட்டாலே எரிச்சல்படுகிறவள், இப்போது அதற்காகக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“எங்க எறங்குது? இன்னொருக்காப் போடுங்க அண்ணன். றவூப் சரியாத்தான் பாடுறான். பின்னால கிட்டார்தான் பிழ.”

“கிட்டார்ல ஒரு கொறையும் இல்ல தங்கச்சி. றவூப்புக்கு அந்த எடத்துல மூச்சுப் பத்தல. நிரஞ்சன்னா அத அப்புடியே தூக்கியிருப்பான்.”

“நிரஞ்சனா? நபீலே றவூப்புக்குப் பொறகுதான்!”

நானா என்ற மரியாதை இருவர் வாயிலிருந்தும் போய்விட்டது. பாடகனைப் பற்றிப் பேசும்போது யார் மரியாதை பார்க்கிறார்கள்? அவன் பாடுறான், இவன் கத்துறான், அவ்வளவுதான். ஆள் இரண்டு முழத்துக்குள் உட்கார்ந்திருப்பதையே அவர்கள் மறந்துவிட்டார்கள். றவூப் நானா குனிந்து, திறந்தே கிடந்த பெனரில் ‘இரண்டு’ என்பதை ‘மூன்று’ என்று மாற்றினார். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. கண்ணைத் துடைக்க வெட்கமாக இருந்தது, துடைக்காமல் இருக்கவும் முடியவில்லை. இத்தனை வயதில் இவ்வளவு சந்தோசத்தை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

அழகையா பாட்டைச் சரியாக அந்த இடத்தில் நிறுத்தி, உள்ளே திரும்பினார்.

“நானா, நீங்களே சொல்லுங்க. றவூப் இந்த எடத்துல எறங்குறான்தானே?”

றவூப் நானா நன்றாக யோசித்தார். அந்த இடம் அவருக்கு இருபது வருடமாகத் தெரியும்.

“எறங்குறான்,” என்றார்.