போகாத பியூஸ்

ஒருத்தனுக்குச் சீட்டுப் பைத்தியம் இருக்கும், இன்னொருத்தனுக்குச் சினிமாப் பைத்தியம். விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் பியூஸ் கட்டை செய்கிற ஸ்தனிஸ்லாசுக்குச் சுவிட்சுப் பைத்தியம். மனைவி அன்னமேரி அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வந்து சேருவதற்குள் அடுப்படி விளக்கை அணைத்திருப்பார். பிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது, யோசித்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். கரண்டு பில்லு ஸ்லாபு தாண்டினால் கடிக்கும் என்பது உண்மைதான், அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடுகு போகிற வழியைக் காவல் காத்தே பூசணிக்காயைத் தொலைக்கிற ஆட்கள் உண்டே, அந்த ஜாதி அவர்.

மகள் ரீட்டா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிறந்த பேத்தி ஜெசிக்கு ஏப்ரல் வெயிலில் உடம்பெல்லாம் வேர்க்குரு. சென்னையிலிருந்து பார்க்க வந்த மருமகன் மறுநாளே ஓர் ஏசியை வாங்கி மாட்டிவிட்டுப் போனான். பேத்தி மேல் தாத்தாவுக்கு உயிர், வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. பில்லை நினைத்தால் சோறும் இறங்கவில்லை.

அப்போதுதான் மாடி மீட்டர் நினைவுக்கு வந்தது. மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்ததிலிருந்து அந்த மீட்டரின் இலவச யூனிட்டெல்லாம் சும்மா வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது. ஏசியை அதில் ஓட்டினால் என்ன? கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டுகிற மெல்லிசான ஒயர் பரணில் சுருண்டு கிடந்தது. மாடிப்படிக்குக் கீழேயிருக்கும் மீட்டர் பெட்டியிலிருந்து அதை இழுத்து, வென்டிலேட்டர் வழியாக உள்ளே விட்டு, ரீட்டாவும் குழந்தையும் படுக்கிற கட்டிலின் தலைமாட்டுச் சுவரோடு ஓட்டி ஏசிக்குக் கொடுத்தார்.

பியூஸ் போனது. மறுபடி போட்டார், மறுபடி போனது. நம் கம்பெனிக் கட்டையே நம் மானத்தை வாங்குகிறதே என்று அவருக்குக் கோபம். தடித்த செம்புக் கம்பியை இரட்டையாக முறுக்கிக் கட்டினார். அதற்கப்புறம் அது போகவே இல்லை. இந்தச் சாமர்த்தியத்தை, கம்பெனியில் பக்கத்து மெஷினில் நிற்கும் தங்கராசுவிடம் பெருமையாகச் சொன்னார்.

"அண்ணே, நாம கட்டை செய்யறதே அது போவணும்னுதான். பியூஸு போனாத்தான் வூடு நிக்கும்," என்றான் தங்கராசு.

"ஒனக்குப் பொறாமைடா. ஏசி ஓசியில ஓடுதுன்னு."

சில நாளில் அன்னமேரி மூக்கைச் சுளித்தாள். "என்னமோ பொசுங்குற வாசம் வருதுங்க."

"பீங்கான் சுடுற சூளை வாசம்டி. காத்து இந்தப் பக்கம் அடிக்குது. ஜன்னலச் சாத்து."

சூளைப் புகையிலேயே வளர்ந்த ஊருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அவளும் சாத்தினாள். இன்னொரு நாள் ரீட்டா சொன்னாள், "தலைமாட்டுச் செவுரு சுடுதுப்பா." வெயில் ஏறுகிற சுவர், சுடாமல் என்ன செய்யும் என்றார். எழுந்துபோய் ஒரு தடவை தொட்டுப் பார்த்திருக்கலாம், பாவி மனுசன்.

மே தினம் வந்தது. கம்பெனி வாசலில் சங்கக் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்தனிஸ்லாசும் தங்கராசும் அங்கேதான் நின்றார்கள். கோயிலில் தொழிலாளர் சூசையப்பர் திருநாள் பூசைக்குப் போயிருந்த அன்னமேரி அங்கிருந்து போன் செய்தாள்.

"நான் பூசைக்கு வந்துட்டேங்க. ரீட்டாவும் கொழந்தையும் தூங்குறாங்க. காலையிலேர்ந்து சூளை வாசம் தாங்கல. எல்லாத்தையும் சாத்தி ஏசியப் போட்டுட்டு வந்திருக்கேன்."

"சரி, சரி," என்று போனை வைத்தவர் பழக்கத்தில் நிமிர்ந்து பார்த்தார். ஒரு புகைபோக்கியிலும் புகை இல்லை.

"தங்கராசு, இன்னிக்கு எந்தச் சூளைடா எரியுது?"

"இன்னிக்கு ஏதுண்ணே? எல்லாக் கம்பெனிக்கும் லீவு. நேத்தே அணைச்சாச்சு."

மிட்டாய் அவர் கையிலிருந்து விழுந்தது. ரீட்டாவுக்குப் போன் போட்டார். குழந்தை தூங்குகிறதென்று சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பாள், எடுக்கவில்லை. தங்கராசுவின் பைக்கில் தொற்றிக்கொண்டார். ஊரே பியூஸ் போகக் கூடாதென்று வேண்டிக்கொள்ளும். அவர் வழியெல்லாம், "போவட்டும் மாதாவே, பியூஸு போவட்டும்," என்று முனகிக்கொண்டே வந்தார்.

தெரு முனையிலேயே தெரிந்தது. வீட்டுக்கு வெளியே மாட்டியிருந்த ஏசிப் பெட்டியின் விசிறி ஒரு குறையுமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. வென்டிலேட்டர் வழியாகக் கறுப்பாய்ப் புகை வந்தது.

மீட்டர் பெட்டியைத் திறந்து கட்டையை வெறுங்கையால் பிடுங்கினார். உள்ளங்கைத் தோல் அதோடு வந்தது. தங்கராசு கதவை உதைத்துத் திறந்தான். தலைமாட்டுச் சுவரில் ஓடிய ஒயரில் தீ ஏறி, தலையணையைப் பிடித்திருந்தது. ரீட்டாவைத் தோளில் சாய்த்து இழுத்து வந்தான். அவள் நெஞ்சோடு அணைத்திருந்த ஜெசி அழவில்லை. ஸ்தனிஸ்லாஸ் குழந்தையை வாங்கிக் குப்புறப் போட்டு முதுகைத் தட்டினார். அழவில்லை. மறுபடி தட்டினார். அக்கம்பக்கம் முழுக்கத் தெருவில் கூடி நின்றபோதுதான் சன்னமாக ஓர் இருமல் வந்து, அதன் பின்னால் அழுகை வந்தது.

கோயிலிலிருந்து ஓடிவந்த அன்னமேரி கரிந்த சுவரைப் பார்த்தாள். கணவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"சூளை வாசம்னு நெனச்சு எல்லா ஜன்னலையும் நான்தாங்க சாத்துனேன்," என்று தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.