பான் நகருக்குப் போன பிரெஞ்சுக்காரர்

ஜெர்மன் ரயிலில் எதிரே இருந்தவரை, ஏஜென்சிக்காரன் ஊரிலிருந்து களவாகக் கூட்டி வந்த எங்கள் ஆள் என்றே நம்பினேன். கறுத்த முகம், நெற்றியில் திருநீறு, வாய்க்குள் ஓயாத முருகன் பாட்டு. நானோ மாவட்டத்தைத் தாண்டக் கூடாத அகதி அட்டையோடு, அக்கா மகளின் கல்யாணத்துக்குப் பான் போய்க்கொண்டிருந்தேன்.

"அண்ணை, எவடம்?"

தமிழ் தெரியாதாம்; அது பூட்டனோடு போயிற்றாம். பாட்டு கோயிலில் பாடமாக்கியதாம். ஜெர்மனில் திருப்பிக் கேட்டேன். சொன்னார்: "ரீயூனியன் தீவு. மடகாஸ்கருக்குப் பக்கத்தில். பிரான்ஸ்."

மடகாஸ்கருக்குப் பக்கத்தில் பிரான்ஸா? ஏஜென்சிக்காரன் இதைவிட நல்ல பொய் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

பெட்டிக்குள் பொலிஸ் ஏறியது. இவர் பிடிபட்டால் பக்கத்தில் இருக்கும் நானும் துலைந்தேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கெஞ்சினேன்: "உந்தக் கதை எடுபடாது அண்ணை. கழிவறைக்குள்ளை ஒளியுங்கோ."

"ஏன்? தீவில் பிறந்த பிரெஞ்சுக்காரன் பாதிக் குடிமகனா?" என்றார், எழும்பாமலே.

பொலிஸ்காரர் அவருடைய பிரெஞ்சுக் கடவுச்சீட்டைப் பார்த்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

அடுத்த நிலையத்தில் என்னை இறக்கினார்கள். இறங்கும்போது சேலைப் பையையும் கல்யாணக் கார்ட்டையும் அவர் கையில் திணித்தேன். மணப்பெண்ணுக்கு நான் எடுத்த சேலையை, மண்டபத்தைத் தேடிப் போய் அக்காவிடம் கொடுத்தவர் அவர்தான்.