பஞ்சுக்குச்சி எண்ணிய குளிர்காலம்

குளிர்காலம் பிறந்துவிட்டால் வீட்டில் தங்கைக்குப் 'பஞ்சுக்குச்சி' என்றே பெயர். நோயாளிகளின் மூக்கில் விட்டு எடுத்த பஞ்சுக் குச்சிகளை மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் சோதிப்பதுதான் அவள் வேலை. அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆடைத் தொழிற்சாலையில் பொத்தான் சரிபார்ப்பவள். ஆனாலும் தங்கையின் வேலையை நூல் பிசகாமல் விளக்குவாள்.

முன்பு அங்கே ஃப்ளூ இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். இல்லையென்றால் குச்சி குப்பைக்குப் போய்விடும். தங்கைக்கு அது உறுத்தியது. "அப்போ இவங்கல்லாம் சும்மாவா இருமினாங்க?" என்று தலைமை மருத்துவரை நச்சரித்து அனுமதி வாங்கினாள். இரண்டு குளிர்காலம் அந்தக் குச்சிகளை மற்ற வைரஸ்களுக்கும் சோதித்து வாரவாரம் எண்ணினாள். ஃப்ளூ சில வாரங்கள் மளமளவென ஏறி, பிறகு இறங்கியது. சாதாரணச் சளி வைரஸ் எல்லா வாரமும் ஆஜர். கைக்குழந்தைகளிடம் மட்டும் கதை வேறு. குளிர் உச்சத்தில் அவர்களில் பாதிப்பேருக்கு ஆர்.எஸ்.வி. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வெறும் சளியாகப் போய்விடும் வைரஸ் அது. பச்சைக் குழந்தைக்கோ மூச்சையே திணறடிக்கும்.

மூன்றாவது குளிர்காலத்தில் அக்காவின் ஏழு வாரப் பெண்ணுக்கு இருமல் வந்தது. மருத்துவமனைக் கீழ்த்தளத்தில் குச்சி எடுத்தார்கள். 'ஃப்ளூ இல்லை' என்று சீட்டு வந்தது.

"அப்பாடா, ஒண்ணுமில்ல. கிளம்பு," என்றார் அக்காவின் கணவர். அக்கா குழந்தையைப் போர்வையில் சுற்றினாள். அதற்குள் தங்கை படிகளில் தடதடவென இறங்கி வந்தாள்.

"எங்கக்கா கிளம்பிட்ட?"

"ஒண்ணுமில்லன்னு சீட்டு வந்துடுச்சேடி."

"ஃப்ளூ இல்லன்னுதான் வந்திருக்கு. மத்தது பார்க்க இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும். போர்வைய விலக்கு. பால் குடிச்சாளா?"

"காலையிலேர்ந்து ரெண்டே வாய்."

ஒவ்வொரு மூச்சுக்கும் குழந்தையின் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. பொத்தானில் ஒரு இழை தவறினாலும் கண்டுபிடிக்கும் அக்கா, அதை அப்போதுதான் பார்த்தாள்.

"இந்த வயசுக்கு இந்த மாசம் எது வரும்னு எண்ணி வச்சிருக்கேன். உக்காரு."

"ஏம்மா பஞ்சுக்குச்சி, நீ என்ன டாக்டரா?" என்றார் மாமா.

"இல்ல மாமா. டாக்டரக் கூட்டிட்டு வரத்தான் போறேன்."

ஆர்.எஸ்.வி. என்று முடிவு வந்தபோது குழந்தையின் மூக்குக் குழாயில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தது. வைரஸைக் கொல்ல மருந்தில்லை; அது தணியும்வரை மூச்சுக்கும் பாலுக்கும் துணை நிற்க வேண்டும் என்றார் மருத்துவர். நான்கு நாள் நின்றார்கள். ஐந்தாம் நாள் குழந்தை வயிறு முட்டக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டது.

அக்கா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கெதுக்கு நன்றி? ரெண்டு வருஷமா மூக்க நீட்டிட்டு வீல்வீல்னு கத்துன குழந்தைங்களுக்குச் சொல்லு."

"எத்தன குழந்தைங்க?"

"இருநூத்திச் சொச்சம் இருக்கும்."

"சொச்சம்னா?"

தங்கை தலையில் அடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இருநூற்றுப் பதினேழு. அத்தனை பேருக்கும் அக்கா மனதுக்குள் நன்றி சொல்லிவிட்டுத்தான் மகளை வீட்டுக்குத் தூக்கிப் போனாள்.