ஸல்ஹாவின் மொழிபெயர்ப்பு

எதிரில் நிற்பவர் பேசத் தொடங்கினால் ஸல்ஹா முதலில் பார்ப்பது கையைத்தான். "வாயப் பாத்தா எனக்குக் குழம்பிப் போகும்" என்பாள். கை ஓய்ந்த பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "தங்கச்சி சொல்றது என்னெண்டா..." என்று தொடங்குவாள். தையல் பழக வந்த இருபது பெண்களும் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

உண்மையில் அவள் மொழிபெயர்ப்பாளர் அல்ல. திருகோணமலைத் துறைமுகத்தின் பின்வீதியில் இலங்கை–ஜப்பான் நட்புறவுத் தையல் நிலையம் திறந்தபோது, கூட்டவும் தேத்தண்ணி ஊற்றவும் சேர்க்கப்பட்டவள். தூதரகத்தின் உதவிப் பணத்தில் பத்துத் தையல் மெஷின்கள் வந்திருந்தன. ஓராண்டுக்கு ஆசிரியையாக ஜப்பானிலிருந்து யோஷிகோ வந்திருந்தாள். கொழும்பிலிருந்து அனுப்பப்பட்ட மொழிபெயர்ப்பாளர் மூன்றாம் வாரமே வெய்யில் தாங்காமல் திரும்பிவிட்டார். மறுநாள் யோஷிகோ ஒரு சட்டைக் கழுத்தைக் காட்டி நெடுநேரம் ஏதோ விளக்கினாள். ஒருவருக்கும் விளங்கவில்லை. தேத்தண்ணிக் கேத்தலோடு நின்ற ஸல்ஹாதான், "இழுத்துத் தைக்க வேணாமாம். துணி தன்ட பாட்டில போகட்டுமாம்" என்றாள். பெண்கள் அப்படியே தைத்தார்கள். யோஷிகோ கைதட்டினாள். அன்றிலிருந்து அதுவும் ஸல்ஹாவின் வேலையாயிற்று.

பிழைவிட்டதும் உண்டு. ஒரு பகல் சாப்பாட்டில் யோஷிகோ ஏதோ சொல்லி வாயைப் பொத்தினாள். "ஆணம் நல்லாயிரிக்காம், இன்னும் வேணுமாம்" என்று ஸல்ஹா இன்னொரு அகப்பை குழம்பு ஊற்றினாள். உறைப்பில் மூக்குக்கண்ணாடிக்குள் கண்ணீர் வடிய, மறுக்கத் தெரியாமல், யோஷிகோ அதையும் சாப்பிட்டு முடித்தாள். மீன்பிடிக் குடும்பத்து மாகிரட் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

எட்டாம் மாதம் யோஷிகோவுக்கு ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதன் பிறகு அவள் தைத்ததைப் பிரிப்பதும் பிரித்ததைத் தைப்பதுமாக இருந்தாள். ஸல்ஹா அருகில் போய், கன்னத்தில் கைவைத்து, நோயில் படுத்திருப்பதுபோல் காட்டி, "உம்மாவுக்கு வருத்தமா?" என்று கேட்டாள். யோஷிகோ ஆமென்று தலையாட்டினாள். பிறகு உதட்டில் விரலை வைத்தாள்.

அடுத்த மாதம் நட்புறவு விழா. தூதரக அதிகாரிக்குத் திருப்தியானால் உதவி இன்னும் இரண்டு வருடம் நீளும். ஆசிரியை இடையில் போனால் நிலையத்தை மூடிவிடுவார்கள். இது எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

விழாவன்று மேடையில் வைத்தே அதிகாரி யோஷிகோவிடம் ஏதோ கேட்டார். அவள் சிரித்துக்கொண்டு பதில் சொன்னாள். அவரோடு வந்த புதிய மொழிபெயர்ப்பாளர், "இன்னும் இரண்டு ஆண்டுகள் இங்கே பணிபுரிய ஆசிரியை மகிழ்ச்சியோடு சம்மதிக்கிறார்" என்றார். மண்டபமே கைதட்டியது. ஸல்ஹா யோஷிகோவின் கைகளைப் பார்த்தாள். அவை பாவாடையைக் கசக்கிக்கொண்டிருந்தன.

தேத்தண்ணித் தட்டத்தை மேடை ஓரத்தில் வைத்தாள்.

"இல்ல தம்பி. தங்கச்சி அப்பிடிச் சொல்லல்ல."

"அப்படித்தானே சொன்னாங்க, அம்மா?"

"வாய் சொல்லிச்சு. அங்க உம்மா வருத்தமாக் கிடக்கா. இவவுக்குப் போகோணும். நாங்க பாவமெண்டு சொல்லாம இரிக்கா. இதத் துரைக்குச் சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதிகாரி திரும்பி, தாழ்ந்த குரலில் கேட்டார். யோஷிகோ இரு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

பத்து நாளில் பயணச்சீட்டு வந்தது. மெஷின்கள் பெட்டிகளில் ஏறின.

"உங்கட கதையால எல்லாம் போச்சு, ராத்தா" என்றாள் மாகிரட்.

"ஓம் மகள். என்ட வேலையும்தான் போச்சு. அதுக்காக அந்தப் புள்ளய உம்மாட முகம் பாக்க விடாம வெச்சு, நாம சட்டை தைக்க ஏலுமா?"

யோஷிகோ புறப்படும் நாளில் மாகிரட்தான் எல்லோருக்கும் முன்னால் புகையிரத நிலையத்தில் வந்து நின்றாள்.

யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஸல்ஹாவைப் பார்த்து, யோஷிகோ நிறுத்தாமல் பேசினாள். இவ்வளவு நீளமாக அவள் ஒருநாளும் பேசியதில்லை.

"என்ன சொல்றா, ராத்தா?" என்று பெண்கள் நெருக்கினார்கள்.

ஸல்ஹா அவர்கள் பக்கம் திரும்பவில்லை. எட்டி, யோஷிகோவின் நனைந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். சேலைத் தலைப்பால் இரண்டு பக்கமும் மெதுவாகத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திரும்பவும் அவள் காதுகளில் மாட்டிவிட்டாள்.